உண்ணியச்சமும் நோய் இலக்கியமும்

நோய் இலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. ஆயினும் நோய் தீர்ந்த பின்னர் எஞ்சி நிற்கும் அச்சம் நம்மிடையே பெரும்பாலும் எழுதப்படாத பொருளாகவே இருந்து வருகிறது. காய்ச்சல் இறங்கியதும் கதை முடிந்துவிடுகிறது. நோயாளி வீடு திரும்புகிறான். ஆசிரியர் பேனாவை மூடிவைக்கிறார். கடித்த உயிரோ இன்னும் புல்லிலேதான் இருக்கிறது. நாளைக்கும் அப்புல்லிலே கால் வைத்தாக வேண்டும் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வச்சத்தையே பொருளாகக் கொண்ட நூல்கள் அமெரிக்காவில் எழுந்துள்ளன. அங்கு கனெக்டிகட் மாநிலத்திலுள்ள லைம் என்னும் சிற்றூரின் பெயரால் வழங்கும் நோய், உண்ணிக்கடியினால் வருவது. 1975ஆம் ஆண்டில் அவ்வூர்த் தாய்மார் இருவர், சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் பலர் ஒரே விதமாக மூட்டு வீங்கித் துன்புறுவதைச் சுகாதார அதிகாரிகளுக்கு அறிவித்தனர். நோய்க்குக் காரணமான கிருமியை வில்லி பேர்க்டோர்பரும் அவர்தம் குழுவினரும் இனங்கண்டு 1982இல் வெளியிட்டனர். அத்தாய்மாருள் ஒருவரான பொலி மறே 1996இல் ‘விரியும் வட்டம்’ என்று பொருள்படும் தலைப்பில் தம் அனுபவத்தை நூலாக்கினார். நோயின் அடையாளமாகத் தோலிலே விரியும் செவ்வட்டத்தையும், நோயுற்றோர் தொகை பெருகுவதையும் ஒருசேரச் சுட்டும் நல்ல தலைப்பு அது.

மறேயின் நடையில் பெரிய அழகு எதுவும் இல்லை. அவருடைய நூலின் பலம் வேறு. மருத்துவர்கள் அவரை வீண் கற்பனைக்காரியெனத் தள்ளியபோதும் அவர் தம் வீட்டாரின் நோய்க்குறிகளைக் குறித்து வைத்தார். பின்னர் அயலாரின் குறிகளையும் சேர்த்துக்கொண்டார். தனியொருத்தியின் பயம் ஊரின் வழக்காக மாறியது அவ்வாறுதான்.

கால் நூற்றாண்டின் பின் 2021இல் வெளிவந்த றொஸ் டௌதற்றின் ‘ஆழ்ந்த இடங்கள்’ இதற்கு எதிர்முனையில் நிற்கிறது. நகர வாழ்வில் சலிப்புற்ற பத்திரிகையாளரொருவர் நாட்டுப்புறத்திலே பழைய வீடொன்றை வாங்குகிறார்; அதே காலத்தில் நோய் அவரைப் பற்றிக்கொள்கிறது. கனவாக வாங்கிய புல்வெளி பகைவனாகிறது. வலியையும், மருத்துவரின் ஐயப் பார்வையையும், நம்பத்தகாத கருவிகளைக்கூட நாடிச் செல்லும் மனத்தின் சரிவையும் அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். அந்நேர்மையை மறுப்பது நியாயமாகாது. பணமுள்ளவனின் வலியும் வலியே. ஆனால் ஈற்றில் அவர் அவ்வீட்டை விற்று நகருக்குத் திரும்புகிறார். இந்தச் சிறு செய்தியைத்தான் நம் வாசகர் ஊன்றி நோக்க வேண்டும். விற்க முடிந்தவனின் அச்சத்துக்கு ஒரு வாசல் உண்டு.

அவ்வாசல் இல்லாதவனின் நிலை யாது? இந்நூல்களை யாழ்ப்பாணத்திலிருந்து வாசிப்பவர் மனத்தில் எழும் முதற்கேள்வி இதுவேயாகும். நம் குடாநாட்டு மக்கள் உண்ணிக்காய்ச்சல் என்று கூறுவது லைம் நோயன்று. பற்றைக்காடுகளில் எலி முதலியவற்றை அண்டி வாழும் நுண்ணிய சிற்றுயிரின் இளம்பருவம் கடிப்பதால் வருவது அது. யப்பானியர் சுட்சுகமுசி என்று பெயரிட்ட அதே நோய். இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மாப் போர்முனையில் படையினரை வாட்டியதும் அதுவே. கடித்த இடத்திலே சுருட்டுச் சுட்டதுபோன்று கருமையான பொருக்கு உண்டாகும். அது நோவதில்லை, கமக்கட்டிலும் தொடை இடுக்கிலும் மறைந்து கிடக்கும். டொக்சிசைக்கிளின் என்னும் மலிவான மருந்தினால் பெரும்பாலும் இரண்டொரு நாளில் காய்ச்சல் தணியும். காலந்தாழ்த்தினாலோ நுரையீரலையும் மூளையையும் தாக்கி உயிரைக் கொள்ளவும் கூடும்.

லைம் நோயாளி உண்ணியைத் தேடுகிறான். கூர்ந்து நோக்கினால் காணலாம், பிடுங்கி எறியலாம். நம்மவருக்கு அதுவும் இல்லை. கடிப்பது ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாதது. ஒருமுறை வந்து மாறியவருக்கு மீண்டும் வராதென்ற உறுதியும் கிடையாது; கிருமியின் வகைகள் பல. நான் அறிந்த தோட்டக்காரப் பெண்ணொருவர் நோய் மாறி இரண்டு மாரி கழிந்த பின்னரும், ஆட்டுக்குக் குழை வெட்டி வந்த ஒவ்வொரு மாலையும் கிணற்றடியில் நின்று கமக்கட்டைத் தடவிப் பார்க்கிறார். அயலில் எவருக்குக் காய்ச்சலென்றாலும் அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. “பயமில்லாமல் என்ன, ஆனால் ஆட்டுக்குக் குழை வேணுமே” என்றார். டௌதற்றின் நூல் முழுவதிலும் இவ்வசனத்துக்கு ஈடான ஒன்றை நான் காணவில்லை.

பற்றை எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்டாக வேண்டும். 1913இல் ஆங்கிலத்தில் வெளிவந்த லெனாட் வுல்பின் ‘காட்டில் ஒரு கிராமம்’ நாவலிலே பசியும் காய்ச்சலும் மனிதரைக் கொள்ள, காடு வளவுகளை விழுங்குகிறது. முன்னர் யாழ்ப்பாணத்திலும் பணிபுரிந்த அக்குடியேற்ற உத்தியோகத்தர், காட்டை ஏறக்குறைய விதியாகவே வரைந்தார். வலிகாமம் வடக்கிலே காடு விதியாக வரவில்லை. 1990இல் மக்கள் வெளியேற்றப்பட்டனர்; வெங்காயமும் புகையிலையும் விளைந்த செம்மண் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. 2015 முதல் பகுதி பகுதியாக நிலம் விடுவிக்கப்பட்டபோது, உரிமையாளர் கண்டது கூரையற்ற சுவர்களையும், நாயுண்ணி மண்டிய முற்றங்களையும், தூர்ந்த கிணறுகளையுமே. (செடிக்கும் உண்ணியின் பெயர் வாய்த்தது தற்செயலாயினும் பொருத்தமே.) அமெரிக்க எழுத்தாளர் புல்லைவிட்டு ஓடினார், இவர்களோ கால் நூற்றாண்டு அப்புல்லுக்காகக் காத்திருந்தனர். கிடைத்ததும் கத்தியும் மண்வெட்டியுமாக அதற்குள் இறங்கினர்.

இந்நிலையில், பற்றைக்குள் போகாதீர்கள், உடலை மூடும் உடை அணியுங்கள் என்ற வகையான அறிவித்தல்களை எவ்வாறு வாசிப்பது? அறிவுரை பிழையன்று. ஆனால் அவ்வசனங்களில் எழுவாய் எப்போதும் நோயாளியே. நிலத்தைப் பற்றையாக்கியவர் எவரும் அவற்றில் எழுவாயாவதில்லை. மலசலகூடமின்றிப் பற்றையை நாடுவோரிடம், பற்றையை நாடாதே என்பது எத்தகைய சுகாதாரம்? அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். அது இந்நாட்டு மக்களின் பெரும்பேறு. எனினும் அங்கு செல்லும் நாளின் கூலி எவராலும் ஈடுசெய்யப்படுவதில்லை. ஆகவே காய்ச்சல் மூன்று நாள் வீட்டிலே பார்க்கப்படுகிறது. இந்நோயில் அம்மூன்று நாள் பெரிது.

மொழியின் பங்கும் இதில் உண்டு. லைம் ஊரிருக்கும் அதே நியூ இங்கிலாந்துப் பிரதேசத்திலிருந்து 1847இல் வந்த சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கினார். மிஷனரி நோக்கம் எதுவாயினும் அச்செயல் நம்முடைய சொத்து. இன்று நோயாளியின் துண்டிலே நோயின் பெயர் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. மறுமுறை காய்ச்சல் வரும்போது ‘முன்பு எனக்கு வந்தது இது’ என்று புதிய வைத்தியரிடம் சொல்ல அவரிடம் சொல்லில்லை. பெயர் தெரியாத பகையே மிகுதியாக அச்சுறுத்தும்.

இறுதியாக நம் முகாமைப் பற்றி. முற்போக்குக் கவிதையிலும் கதையிலும் உண்ணிக்குக் குறைவில்லை. வட்டிக்காரன் உண்ணி, நிலவுடைமையாளன் அட்டை, முதலாளி மூட்டைப்பூச்சி. சுரண்டலைச் சுட்ட இவ்வுவமைகள் ஒரு காலத்தில் வலுவோடு பயன்பட்டன. பின்னர் தேய்ந்து வாய்பாடாயின. ஆனால் உவமையாக இத்தனை முறை வந்த உண்ணி, உழைப்பவளின் கமக்கட்டிலே கருப்பொருக்கை விட்டுச் செல்லும் உண்மையான சிற்றுயிராக, நான் வாசித்தவற்றுள் ஒரு கதையிலும் வரவில்லை. மறே செய்ததுபோல் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வசாவிளானிலோ மயிலிட்டியிலோ வீடு வீடாகச் சென்று கேட்கும் மாணவர் ஒருவர் அக்கதையை எழுதக்கூடும். மாரி தொடங்குமுன் போவது நல்லது. பற்றை வெட்டத் தொடங்கிவிட்டால் பேச அவர்களுக்கு நேரமிராது.