மாதரிக்கு எத்தனை மதிப்பெண்?

சிலப்பதிகாரத்தில், தன் ஆணையால் கொலைப்பட்ட கோவலன் குற்றமற்றவன் என்று தெரிந்ததும் பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையிலேயே உயிர்விட்டதை மேடைதோறும் பேசுகிறோம். மாதரியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மதுரைக் கோட்டைக்கு வெளியே ஆயர்பாடியில் இருந்த முதுமகள் அவள். துறவி கவுந்தியடிகள் கோவலன் மனைவி கண்ணகியை அவளிடம்தான் அடைக்கலமாக ஒப்படைத்தார். தங்க வீடும் சமைக்கப் பண்டமும் தந்தாள், மகள் ஐயையைத் துணைக்கு வைத்தாள். பின்னால் நடந்ததில் அவளுக்கு எந்தக் கையும் இல்லை. இருந்தும் அடைக்கலத்தைக் காக்கத் தவறினேன் என்று தீயில் இறங்கினாள். இந்தச் சாவுகளின் செய்தியைப் புகாருக்குக் கொண்டுபோன மாடலன் என்பவன், அதைக் கேட்டுச் சிலர் மாண்டதால் பழி தன்மேல் ஒட்டிவிட்டதாக எண்ணிக் கங்கையில் நீராடக் கிளம்பினான். தவறான ஆணை தந்தவன், தந்த வாக்கை மீறாதவள், வெறும் செய்தி சொன்னவன் என மூவருக்கும் குற்ற உணர்வு. எது அளவோடு இருந்தது, எது அளவு மீறியது? படிக்கும் நமக்குத் தெரிகிறது. இன்றைய உளவியலின் அளவுகோல்களுக்குத் தெரியுமா?

மனநல மருத்துவர்கள் அதிகம் புழங்கும் ஹாமில்டன் மனச்சோர்வு அளவுகோலில் (1960) 17 கேள்விகள். அதில் குற்ற உணர்வுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண். ‘எனக்கு வந்த நோய் நான் செய்ததற்குத் தண்டனை’ என்று நோயாளி நினைத்தால் 3 போடலாம். இனி மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். “எந்த ஜென்மத்துல என்ன பாவம் செஞ்சேனோ, இப்படிக் கிடந்து அனுபவிக்கிறேன்” என்கிறார். எங்கள் ஊரில் இதை மூட்டுவலிக்கும் சொல்வார்கள், மாடு செத்தாலும் சொல்வார்கள். எழுத்துப்படி போனால் 3. மொத்தம் 7 வரை இயல்பு என்று கொள்ளும் அளவுகோலில், ஒரு வழக்குப் பேச்சே கிட்டத்தட்ட பாதி தூரத்தைக் கடந்துவிடுகிறது. மதுரை மருத்துவக் கல்லூரியின் மனநலப் பேராசிரியராக இருந்த ஏ. வெங்கோபா ராவ் தென்னிந்தியரின் மனச்சோர்வைப் பற்றி 1960களிலேயே எழுதியவர். ஆகவே இந்தச் சிக்கல் இந்த ஊருக்குப் புதிதல்ல. கருவிதான் பழையபடியே இருக்கிறது.

ஒரே ஒரு கேள்வியை வைத்து மொத்தத் துறையையும் குறை சொல்வது நியாயமில்லை. குற்ற உணர்வுக்கென்றே செய்த கருவிகள் உண்டு. லின் ஓகானரும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட வினாத்தாளில் 67 கூற்றுகள். அது குற்ற உணர்வை நான்காகப் பிரிக்கிறது. அடுத்தவரைவிட நன்றாக வாழ்வதால் வருவது, குடும்பத்தைவிட்டு விலகுவதால் வருவது, எல்லார் நலனும் என் பொறுப்பு என்ற எண்ணத்தால் வருவது, தன்னைத்தானே வெறுப்பது. இந்தப் பிரிவினை உண்மையிலேயே நல்ல வேலை. பால் சால்கோவ்ஸ்கிஸ் குழுவின் பொறுப்புணர்வு அளவுகோல் (2000) 26 கூற்றுகள் கொண்டது. எண்ணச் சுழல் நோய் உள்ளவர்கள் மற்றப் பதற்ற நோயாளிகளைவிட அதில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். அடுப்பை அணைத்தோமா என்று பத்து முறை திரும்பிப் போகிறவரின் மனத்தை அது சரியாகவே தொடுகிறது.

ஆனால் இரண்டுக்கும் ஒரே ஓட்டை. எவ்வளவு பொறுப்பு உணர்கிறாய் என்று கேட்கின்றன. உன் கையில் எவ்வளவு இருந்தது என்று கேட்பதில்லை. தங்கைகளுக்குக் கல்யாணம் முடியட்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட அக்கா, ‘எல்லார் நலனும் என் பொறுப்பு’ பகுதியில் உச்சத்தில் நிற்பாள். அவளுக்கு நோயா? அந்த வீட்டில் சம்பளம் கொண்டுவருவது அவள் ஒருத்திதான் என்றால், அவள் சொல்வது வெறும் கணக்கு. அரசனுக்கும் மாதரிக்கும் இந்தத் தாள்களைக் கொடுத்தால் இருவருமே மேல்தட்டில் வருவார்கள். கோவலன்மேல் பொய்ப் பழி சுமத்திய பொற்கொல்லன்? கருவியின் கண்ணில் அவன்தான் ஆரோக்கியமானவன்!

இந்த இடத்தில், மனநல ஆலோசகர்கள் வெள்ளைத்தாளில் வரையும் ஒரு வட்டம் மேலானது. நடந்ததற்குக் காரணமான எல்லாவற்றையும் முதலில் பட்டியலிடச் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் வட்டத்தில் ஒரு துண்டு. தன் பங்கைக் கடைசியில்தான் வரைய வேண்டும். மாதரி வரைந்திருந்தால் பொற்கொல்லனுக்கு ஒரு பெருந்துண்டு, விசாரிக்காத அரசனுக்கு ஒன்று, வெட்டிய காவலனுக்கு ஒன்று, சிலம்பை விற்கக் கிளம்பிய கோவலனுக்கும் ஒன்று. அவளுக்கு மிஞ்சுவது கோடு போடக்கூட இடமில்லாத பங்கு. அரசன் வரைந்தால் அவன் துண்டு பெரிதாகவே நிற்கும், நிற்கவும் வேண்டும். வட்டத்துக்கும் குறை உண்டு: பொது வரையறை கிடையாது, நூறு பேரை ஒப்பிட முடியாது, வரைய வைப்பவர் திறமையைப் பொறுத்தது. தவிர, நம் வெளிநோயாளர் பிரிவில் நோயாளியைப் பேசவிடாமல் கூட வந்த மாமியாரோ மச்சானோ பதில் சொல்லும் கூத்தும் உண்டு. பேனா நோயாளி கையில் இருக்க வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். மதிப்பெண் தாள்களைத் தூக்கிப்போட வேண்டாம். ஒரே ஆள் மூன்று மாதத்துக்கு முன் இருந்ததற்கும் இன்று இருப்பதற்கும் என்ன மாற்றம் என்று பார்க்க அவை போதும். ஒருவரின் குற்ற உணர்வு அளவு மீறியதா என்று முடிவு கட்ட அவை போதாது. அதற்கு வட்டம் முதலில், தாள் பிறகு.