வீட்டுக்கு வந்த அம்மா

கங்கைகொண்டான் பக்கம் ஒருவருக்கு உடம்பு ரொம்ப முடியாமல் போனால் வண்டி பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குத்தான் பறக்கும். எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும், “இனி வீட்டுல வச்சுப் பாத்துக்கிடுங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டால் அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு உடனே போன் போகும்.

சுஹாசினி மணிரத்னத்தின் ‘காபி, எனிஒன்?’ குறும்படம் அந்தப் பொருளையே மாற்றிவிடுகிறது. 2020 அக்டோபரில் அமேசான் பிரைமில் வந்த ‘புத்தம் புதுக் காலை’ தொகுப்பின் ஐந்து படங்களில் இது ஒன்று. நினைவிழந்த மனைவியைக் கணவர் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். கைவிட்டு அல்ல, வீட்டில் இருந்தால் பிழைத்துக்கொள்வாள் என்று நம்பி. மகள்களால் அந்த நம்பிக்கையை எளிதில் ஏற்க முடியவில்லை.

நோயைக் காட்ட நம் சினிமா பழகிய வழிகள் உண்டு: மானிட்டரின் ஓசை, விரையும் ஸ்ட்ரெச்சர், கண்ணாடிக் கதவுக்கு வெளியே அழும் குடும்பம். இந்தப் படம் இவற்றின் பலத்தில் நிற்கவில்லை. நோயாளிக்கு வசனம் இல்லை என்பதால் அவள் எப்படிப்பட்ட தாய் என்பதை மற்றவர்களின் பாசமும் மனத்தாங்கலுமே சொல்லியாக வேண்டும். காலங்கடந்து பிறந்த கடைக்குட்டியின் விலகலில் அந்தத் தாயின் முழு வாழ்க்கையும் தெரிகிறது. ஊரடங்குக் காலத்துச் சிறிய குழு, நாலு சுவர் என்ற நெருக்கடியே இதற்குப் பொருத்தமான நடையாகிவிட்டது.

நடிகர் தேர்வும் அந்த நடையில் சேர்த்திதான். தாயாகக் கிடப்பவர் சுஹாசினியைப் பெற்ற கோமளம் சாருஹாசன். மகள்களாக வரும் சுஹாசினி, அனு ஹாசன், ஸ்ருதி ஹாசன் மூவரும் சாருஹாசன், சந்திரஹாசன், கமல்ஹாசன் என்ற மூன்று சகோதரர்களின் பெண்கள். அசையாத அந்த முகத்தைச் சுஹாசினி பார்க்கும்போது, நடிப்பு எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நாடக மேடையில் சிரிக்கவைத்தே பேர்வாங்கிய காத்தாடி ராமமூர்த்தி தந்தையாக வருகிறார். மனைவி பிழைத்துக்கொள்வாள் என்று அவர் நம்புவதில் துளி மிகையில்லை.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இங்கே புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ நினைவுக்கு வரும். அதிலும் நோய்ப்பட்ட மனைவியைத் தனியே பார்த்துக்கொள்ளும் கணவர்தான் மையம். மனைவி இறந்ததை முதலிலேயே சொல்லிவிட்டுப் பின்னால் போகிறது அந்தக் கதை. தப்பிக்க வாசகனுக்கு இடமே இல்லை. சுஹாசினி எதிர்த்திசையில் நடக்கிறார். அவருடைய தாய் கண் விழிக்கிறாள். அந்த மீட்சி கொஞ்சம் சுலபமாகவே கிடைத்துவிடுகிறது. பல இடங்களில் முகமே சொல்லிவிட்டதை வசனம் மறுபடியும் சொல்கிறது. இவை குறைகள்தாம்.

ஆனாலும், படுத்த படுக்கையான தாயை நோயாளியாகச் சுருக்காமல் குடும்பத்தின் நடுநாயகமாகவே வைத்திருப்பது பெரிய காரியம். பெற்றோரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் இந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள். முடிந்தால் உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து பாருங்கள்.