ஹேண்ட்பிரேக்: எச்டி வீடியோவை நம்பி ஒப்படைக்கலாமா?

'தரம் துளியும் குறையாமல் எந்த ஃபார்மட்டுக்கும் மாற்றலாம்' என்று விளம்பரம் செய்யாத வீடியோ கன்வர்ட்டரே இல்லை. அந்தக் கூட்டத்தில் காசு கேட்காமல், விளம்பரம் காட்டாமல் வேலை செய்வது ஹேண்ட்பிரேக். எரிக் பெத்தி 2003-ல் பீஓஎஸ் இயங்குதளத்துக்காகத் தொடங்கிய இந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் 1.0 பதிப்பு வெளிவர 2016 டிசம்பர் ஆகிவிட்டது. இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது.

ஃபைலை இழுத்துப் போட்டதும் 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற ப்ரீசெட் தானாக வந்து நிற்கும். அவசரப்பட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்துபவர்கள் ஏமாறும் இடம் இதுதான். 4கே வீடியோ 1080பி ஆகச் சுருங்கிவிடும். விநாடிக்கு 60 ஃப்ரேம் எடுத்த காட்சி 30 ஆகிவிடும். டைமென்ஷன்ஸ் பக்கத்தில் ரெசல்யூஷன் வரம்பை நீக்கி, ஃப்ரேம் ரேட்டில் 'சேம் ஆஸ் சோர்ஸ்' தேர்ந்தெடுத்த பிறகே மற்ற வேலை.

அடுத்தது ஆர்எஃப் ஸ்லைடர். எண் குறையக் குறைய தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். 1080பி வீடியோவுக்கு 20 முதல் 24 வரை, 4கேவுக்கு 22 முதல் 28 வரை என்பது ஹேண்ட்பிரேக் குழுவே தரும் பரிந்துரை. எண்ணை இன்னும் இறக்கினால் படம் மேலும் தெளிவாகும் என்று நினைக்க வேண்டாம். மூலத்தில் இல்லாத விவரம் எங்கிருந்தும் வராது. சில சமயம் மூலத்தைவிடப் பெரிய ஃபைல்தான் மிஞ்சும். ஓடும் தண்ணீர், அசையும் இலைகள், இருட்டுக் காட்சி ஆகியவற்றில்தான் சுருக்கத்தின் கோளாறு முதலில் தெரியும். அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து பிரிவியூவில் சில விநாடிகள் மட்டும் என்கோட் செய்து பார்த்தால், ஸ்லைடரை எங்கே நிறுத்துவது என்பது தெரிந்துவிடும்.

கிராபிக்ஸ் கார்டை வைத்து என்கோட் செய்தால் வேலை மளமளவென்று முடிகிறது. ஆனால் ப்ராசஸரில் ஓடும் எக்ஸ்265 என்கோடர் அதே அளவு ஃபைலில் தரும் நுணுக்கம் அதில் கிடைப்பதில்லை. பாதுகாத்து வைக்க வேண்டிய வீடியோ என்றால் எக்ஸ்265-ஐ 'ஸ்லோ' வேகத்தில் இரவு முழுக்க ஓடவிடுவதே மேல். எச்டிஆர் வீடியோவுக்கு 10 பிட் என்கோடரைத் தேர்ந்தெடுக்க மறக்கக் கூடாது. 8 பிட்டில் வானம் பட்டை பட்டையாகத் தெரியும். பழைய ஹேண்டிகேமின் எம்டிஎஸ் ஃபைல்களில் அசைவின்போது சீப்புப் பல் போலத் தெரியும் கோடுகளை 'டீகோம்ப்' ஃபில்டர் நன்றாகவே நீக்குகிறது.

குறைகளும் உண்டு. பல துண்டுகளை ஒரே வீடியோவாக ஒட்டித் தராது. காப்புப் பூட்டுப் போட்ட டிஸ்க்கைத் திறக்காது. ஒலியைத் தொடாமல் அப்படியே கடத்த 'பாஸ்த்ரூ' வசதி இருந்தாலும், படத்துக்கு அது இல்லை. ஹேண்ட்பிரேக்கில் எதைப் போட்டாலும் படம் மறுபடி சுருக்கப்பட்டே வெளிவரும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விவரம் போகும்.

இங்கேதான் யோசிக்க வேண்டும். எம்கேவி, எம்பி4 என்பவை வெறும் பெட்டிகள். உள்ளே இருக்கும் சரக்கு எச்.264, எச்.265 போன்ற கோடெக்கில் சுருக்கிய படம். டிவி ஒரு ஃபைலைத் திறக்க மறுத்தால், அதன் உள்ளே எந்தக் கோடெக் என்பதை மீடியாஇன்ஃபோ அல்லது விஎல்சியில் பாருங்கள். டிவிக்குத் தெரிந்த எச்.264 படம்தான், எம்கேவிதான் சிக்கல் என்றால் ஹேண்ட்பிரேக் தேவையே இல்லை. லாஸ்லெஸ்கட் என்ற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் செயலி படத்தைத் தொடாமல் எம்பி4-க்கு மாற்றிவிடும். வேலை பெரும்பாலும் ஃபைலை நகலெடுக்கும் நேரத்தில் முடியும், தரமும் இம்மி குறையாது.

ஆக, டிவிக்குப் புரியாத கோடெக், நிறைந்துவிட்ட ஹார்ட் டிஸ்க், கோடு விழுந்த பழைய வீடியோ: இந்த மூன்றுக்கும் ஹேண்ட்பிரேக்கைத் தயங்காமல் பயன்படுத்தலாம். பெட்டி மாற்ற மட்டும் வேண்டாம். அதிகாரபூர்வத் தளமான ஹேண்ட்பிரேக்.எஃப்ஆர் முகவரியிலிருந்தே இறக்குங்கள். 2017 மே மாதம் அதன் டவுன்லோடு சர்வர்களில் ஒன்றிலேயே மேக் பதிப்புக்குப் பதிலாக வைரஸ் கலந்த ஃபைலை யாரோ வைத்துவிட்டார்கள் என்பதால், ஃபைல் அசல்தானா என்று சரிபார்க்கத் தளத்தில் தரும் செக்சம் எண்ணையும் ஒப்பிட்டுவிடுவது நல்லது. மாற்றிய வீடியோவை முழுக்க ஓட்டிப் பார்க்கும்வரை மூல ஃபைலை அழிக்காதீர்கள்.