வண்ணத்தில் ஒரு பாடபேதம்

பழைய நூலைப் பதிப்பிக்கும் அறிஞர், ஏட்டில் உள்ள சொல்லைத் தம் விருப்பம்போல் மாற்றி அச்சிடுவதில்லை. வேறொரு பாடம் சிறந்ததெனத் தோன்றினும், மற்றப் பாடத்தையும் குறித்துக் காட்டுவர். உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் பிரதிபேதங்களைத் தொகுத்தளித்த முறையை நாம் இன்றும் போற்றுகிறோம். நூலுக்கு வேண்டும் என நாம் கருதும் இந்நேர்மை, திரைப்படத்துக்கும் வேண்டுமன்றோ? புகழ்பெற்ற படங்கள் வீட்டில் காணும் வட்டுகளாக மறுபிறவி எடுக்கும்போது, அவற்றின் வண்ணங்கள் ஓசையின்றி மாறிவிடுகின்றன. அம்மாற்றத்தின் தன்மையை இங்கே சிறிது ஆராய்வோம்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை உணர வேண்டும். படச்சுருளில் எடுத்த படத்தின் வண்ணம் நெகட்டிவில் முடிவு பெறுவதில்லை. அதிலிருந்து பிரதி எடுக்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கூட்டியும் குறைத்தும் ஒவ்வொரு காட்சியின் சாயலையும் ஆய்வகத்தில் உறுதி செய்தனர். ஒளிப்பதிவாளர் பார்த்து இசைந்த அந்தப் பிரதியே திரையரங்கம் கண்ட படம். இம்முறைக்கு ஓர் எல்லை இருந்தது. ஒளியை மாற்றினால் காட்சி முழுவதும் மாறும். ஒரு முகத்தையோ ஒரு சுவரையோ மட்டும் பிரித்து மாற்ற இயலாது. கணினி வந்தபின் அந்த எல்லை அகன்றது. இன்று வானத்தை மட்டும் நீலமாக்கலாம். உடையை மட்டும் வெளுக்கலாம்.

வண்ணத்தைத் தொடுவதே குற்றமென்று நாம் சொல்லவில்லை. 1950-களில் பரவிய ஈஸ்ட்மன் கலர் பிரதிகளில் பலவற்றின் நீலப்பச்சைச் சாயம் காலப்போக்கில் மங்கியது. படம் முழுவதும் சிவந்து தோன்றியது. அத்தகைய படத்துக்கு இழந்த வண்ணத்தை மீட்டளிப்பது மருத்துவம் போன்றது. இழக்காத முகத்துக்குப் புது முகம் பொருத்துவது வேறு. இரண்டையும் 'புதுப்பித்தல்' என்னும் ஒரே சொல்லால் அழைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

இதற்கு ஏற்ற சான்று, வில்லியம் பிரீட்கின் இயக்கி 1971-இல் வெளிவந்த 'தி பிரெஞ்ச் கனெக்ஷன்' என்னும் அமெரிக்கப் படம். சிறந்த படம் உள்ளிட்ட ஐந்து ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது அது. போதைப்பொருள் கடத்தலைத் துப்பறியும் காவலர் கதைக்கு ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் தந்த தோற்றம், நியூயார்க் நகரின் குளிர்காலத்தைச் செய்திப்படம்போல் காட்டிற்று. அழுக்கேறிய தெருக்கள், பழுப்பும் சாம்பலும் கலந்த வானம், கையில் ஏந்திய காமிராவின் பதற்றம்: இவையே அப்படத்தின் மொழி. காவலன் மங்கிய வானத்தின்கீழ் குளிரில் நடுங்குகிறான். அழகு செய்யாமையே அங்கே அழகு.

2009-இல் வந்த புளூ ரே வட்டுக்குப் பிரீட்கினே புது வண்ணம் வகுத்தார். கறுப்பு வெள்ளைப் படிமத்தின்மேல், செறிவை மிகுத்து மென்மையாக்கிய வண்ணப் படிமத்தை ஏற்றும் முறை அது. விளைவு என்ன? வண்ணங்கள் வெளிறின, பல காட்சிகளில் நீலம் படர்ந்தது, பொருள்களின் விளிம்பைத் தாண்டிச் சாயம் கசிந்தது. தெருவைப் பார்த்த கண், இப்போது தெருவின்மேல் பூசிய பூச்சைப் பார்க்கிறது. செய்திப்படம்போல் நம்மை நம்பவைத்த படம், தன்னைப் பார்க்கச் சொல்லும் ஓவியமாகிவிட்டது. தம்மைக் கலந்துகொள்ளாமலே செய்த இம்மாற்றத்தை ராய்ஸ்மன் வெளிப்படையாகக் கடுமையாய்க் கண்டித்தார். 2012-இல் வண்ணம் மீண்டும் திருத்தப்பட்டு, முன்னைத் தோற்றத்தை நெருங்கிய வட்டு வெளியாயிற்று. இயக்குநர், ஒளிப்பதிவாளர் இருவரும் 2023-இல் மறைந்தனர். வழக்கு மட்டும் நம்மிடம் எஞ்சி நிற்கிறது.

'படைத்தவனுக்கே மாற்ற உரிமையில்லையா?' என்று சிலர் வினவுவர். தக்க வினாவே. ஆங்காங்கின் வாங் கார்-வாய் இவ்வினாவுக்குத் துணிந்து விடை கூறினார். 2000-இல் வெளிவந்த அவருடைய 'இன் தி மூட் ஃபார் லவ்' உள்ளிட்ட படங்கள் புதுப்பிக்கப்பட்டு 2021-இல் தொகுப்பாக வந்தபோது, ஒரே ஆற்றில் இருமுறை இறங்க இயலாது என்னும் பழமொழியை அவர் துணைக்கழைத்தார். புதிய பதிப்பில் பசுமை கலந்த சாயல் மிகுந்திருந்தமை பலருக்கு உறுத்தலாயிற்று. எனினும் தாம் மாற்றியதை மறைக்காமல் அறிவித்தார். அந்த அளவில் அவரைப் பாராட்டலாம்.

ஆயினும் படைப்பாளியின் உரிமை ஒன்றே முடிவான நியாயம் ஆகாது. திரைப்படம் பலர் கூடிச் செய்த கலை. ஒளிப்பதிவாளனின் கண்ணும் அதில் ஆசிரியன். மேலும், வெளியான நாளிலேயே படம் அதைக் கண்டோர் நினைவிலும் குடியேறிவிடுகிறது. கவிஞன் முதுமையில் தன் பாட்டைத் திருத்தலாம். மக்கள் மனப்பாடமாகக் கொண்ட பழைய பாட்டை எரித்துவிட அவனுக்கும் அதிகாரமில்லை. திருத்திய பதிப்பு வரட்டும். அது திருத்திய பதிப்பு என்று உறையில் பொறிக்கட்டும். முன்னைத் தோற்றமும் உடன் கிடைக்கட்டும்.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்களாகிய நமக்கு இச்செய்தி இன்னும் நெருக்கமானது. நாம் கொட்டகையில் கண்ட படங்களை நம் பிள்ளைகள் வட்டிலும் வீட்டுத் திரையிலுமே காண்கின்றனர். அவர்கள் கையில் கிடைப்பதே அவர்களுக்கு மூலம்; ஒப்பிட்டுப் பார்க்க வேறு பாடம் அவர்களிடம் இல்லை. 'அந்தப் படம் இப்படி இல்லையே' என்று சொல்லும் தலைமுறை மறையும்போது, மாற்றம் மாற்றமென்றே அறியப்படாமல் போகும். ஆதலின் பழைய பிரதிகளைக் காக்கும் காப்பகங்களை ஆதரிப்பதும், ஒரே படத்தின் இரு பதிப்புகளை அருகருகே காட்டிப் பேசுவதும் நம்மைப் போன்ற சங்கங்கள் ஏற்கத்தக்க பணிகள். ஏட்டுச் சுவடிக்குக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கைப் படச்சுருளுக்கும் காட்டுவோமாக.