விறாந்தைக்கு முன்னால் ஒரு பலகைத் தளம்

மரத்தூளை உருக்கிய பிளாஸ்ரிக்கோடு சேர்த்த கலவைப் பலகையைக் கறையான் எளிதில் தொடாது, வருசா வருசம் எண்ணெய் பூசவும் தேவையில்லை. வெளித்தளத்துக்கு நல்ல சாமான்தான். ஆனால் யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் கறுத்த நிறப் பலகையில் வெறுங்காலோடு நின்று பாருங்கள்! வெளிர் நிறமே எடுங்கள். சூட்டில் பலகை நீளும், ஆகவே நுனிகளில் இடைவெளி விடவேண்டும். அடிச்சட்டங்களுக்கிடையில் 16 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள், நடுவில் தொய்யும். ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணி வடிய, அடியில் காற்றோட்டமும் வேண்டும்.

எனக்கு ரசனை என்னவோ தலைக்கு மேலே, கூரைப் பனைமரத்தில்தான். முதிர்ந்த பனையைப் பிளந்து சீவினால், கருமையில் மஞ்சள் கோடு ஓடும் அந்த நாருக்கு எந்தத் தொழிற்சாலை அச்சும் ஈடாகாது. வேம்புக்கு வைரம் உள்ளே, பனைக்கு வெளியே. அதனால்தான் தொல்காப்பிய மரபியல் வெளிவைரம் கொண்டவற்றைப் புல் என்று பிரிக்கிறது. உள்ளிருக்கும் சோற்றியை ஒதுக்கி வைரத்தை மட்டும் எடுத்தால் கூரை வளையும் சிலாகையும் தலைமுறைகளுக்கு நிற்கும். ஆணி அடிக்கமுன் துளை போடாவிட்டால் ஆணிதான் வளையும்.

கலவைப் பலகையைக் கீழே போடுங்கள், மேலே பனஞ்சிலாகையில் கிடுகுப் பந்தல் இழுங்கள். நிழல் விழுந்தால் பலகையும் சுடாது. பழைய வீடு பிரிக்கும் இடத்தில் சிலாகை கேட்டுப் பாருங்கள். பச்சைப் பனை தறிக்க அனுமதி எடுக்கவேண்டும்.