பரிசாரகர் உடை: ஆர்வெல் காட்டியதும் கூறியதும்

ஜார்ஜ் ஆர்வெல் 1933இல் வெளியிட்ட 'டவுன் அண்டு அவுட் இன் பாரிஸ் அண்டு லண்டன்' என்னும் நூலை வறுமையின் வரலாறு என்றே பலரும் படிப்பர். ஓட்டல் தொழிலாளரின் உடையையும் தோற்றத்தையும் பற்றி அந்நூல் கூறுவன அதனினும் ஆராயத்தக்கவை. ஆசிரியர் பாரிஸ் ஓட்டலொன்றின் நிலவறையில் தட்டுக் கழுவியவர். ஆதலின், விருந்தினராய்ச் சென்றோர் காணாதவற்றைக் கண்டார்.

உணவுக்கூடத்தின் வாயிலுக்கு வெளியே ஒரு தேங்காய்நார்க் கால்மிதி; ஒரு நிலைக்கண்ணாடி. தூய பாத்திரங்களை அலசும் நீரிலேயே முகங்கழுவிய பரிசாரகர், அக்கண்ணாடிமுன் தம்மைத் திருத்திக்கொண்டு, தூய்மையே உருவெடுத்தாற்போல் உள்ளே செல்வர். அத்தூய்மை கதவின் ஒரு புறத்துக்கு மட்டுமே உரியது என்பதை ஆர்வெல் இரண்டொரு வரிகளில் காட்டிவிடுகிறார்.

மீசைச் செய்தி இன்னும் சுவையானது. நல்ல ஓட்டல்களில் பரிசாரகர் மீசை வைப்பதில்லை. ஆகவே, தமக்குக் கீழ்ப்பட்ட தட்டுக் கழுவுவோரும் வைத்தல் கூடாதென்பது அவர்கள் விதி. சமையற்காரரோ, பரிசாரகரை இகழ்வதற்கென்றே மீசை வளர்ப்பர்! சமையற்கட்டின் தோற்ற விதிகள் யாவும் சுகாதாரத்துக்கென்றே ஏற்பட்டவை என்போர் இப்பகுதியை ஒருமுறை படித்தல் நலம்.

இத்துணை நுட்பமாகக் கண்டவர், பரிசாரகரைப் பற்றி முடிவு கூறுமிடத்துச் சறுக்குகிறார். செல்வரை நாள்தோறும் அருகிருந்து காணும் பரிசாரகன் மனத்தளவில் அவர் பக்கமே சாய்ந்துவிடுகிறான். அவனுக்காக இரங்கவேண்டுவதில்லை என்பது அவர் கருத்து. அவர் நூலில் வரும் போரிஸே இதனை மறுக்கப் போதும். ருசியப் படையில் கேப்டனாக இருந்து, பாரிஸில் பரிசாரகனான அவனுக்கு எஞ்சியவற்றுள் இருந்தவை ஒரே சட்டையும் பொத்தலான காலுறையும். வேலை தேடிப் புறப்படுமுன், காலுறைப் பொத்தல்களின் வழியே தெரியும் தோலில் மை பூசிக்கொள்கிறான். காலணிக்குள் செய்தித்தாளைத் திணிக்கிறான். இதனைப் பகட்டென்று கொள்வது எப்படி? தச்சனுக்கு உளி எவ்வாறோ, போரிஸுக்கு உடை அவ்வாறு. அஃதின்றேல் அவனை எவரும் வேலைக்கு அழையார். செல்வர்போல் தோன்றுதல் அவன் விருப்பமன்று. அவனிடம் கேட்கப்பட்ட கூலிவேலையில் அதுவும் ஒரு பகுதி. ஆர்வெல் இதனைக் கண்ணால் கண்டு எழுதினார். ஆனால் கருத்துரைக்கும்போது மறந்தார்.

தட்டுக் கழுவுவோனின் அடிமைநிலையை ஆராய ஒரு தனி அத்தியாயமே வகுத்தவர், போரிஸின் காலுறைக்கு அவ்வாதத்தில் ஒரு வரியேனும் ஒதுக்கவில்லை.