வின்செஸ்டர் 70: நீலம் கெடாமல் வேட்டைக்கு

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் என்ற ஊரில் வின்செஸ்டர் ஆலை 1936 முதல் 1963 வரை செய்த மாடல் 70 ரைஃபிளை, அந்நாட்டு வேட்டைக்காரர்கள் இன்றும் ‘64க்கு முந்தையது’ என்றே சொல்கிறார்கள். 1964இல் செலவைக் குறைப்பதற்காக ஆலை பல பாகங்களை மாற்றியது. கட்டையின் பிடியில் வெட்டி எடுத்த சொரசொரப்புக் கோடுகள் போய், அச்சால் அழுத்திய கோடுகள் வந்தன. அதனால் பழைய மாடலுக்குக் கிராக்கி அதிகம். ஆலையில் ஏறிய கருநீலம் குழலில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பார்த்தே விலை ஏறி இறங்குகிறது. இதற்குப் பயந்து, மான் வேட்டைப் பருவத்தில் மழையிலும் பனியிலும் கொண்டுபோக வேண்டிய துப்பாக்கியை அலமாரியில் பூட்டி வைப்பவர்கள் பலர். அந்தப் பயம் தவறான இடத்தில் வைத்த பயம் என்பது என் கருத்து. அந்த நீலத்தை அதிகம் அழித்தவை பட்டறையும் பெட்டியும்தான்; காட்டுக்கு அதில் பங்கு குறைவு.

இதற்குக் காரணம் அந்த நிறம் உண்டாகும் விதத்திலேயே இருக்கிறது. புளூயிங் எனப்படும் இந்தக் கருநீலம், பெயிண்டைப் போல மேலே பூசுவதல்ல. எஃகின் மேற்பரப்பே மேக்னடைட் என்ற கரிய இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. அதுவும் ஒரு வகைத் துருதான், ஆனால் சிவப்புத் துருவைப் போல உதிராமல் இரும்போடு ஒட்டி நிற்கும். எரிசோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலைச் சுமார் 140 டிகிரி செல்சியஸில் கொதிக்க வைத்து அதில் பாகங்களை முக்குவது ஆலை முறை. இப்படிக் கிடைக்கும் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். இவ்வளவு மெல்லிய, நுண்துளைகள் நிறைந்த படலத்தால் தனியாகத் துருவைத் தடுக்க முடியாது. அது செய்யும் பெரிய உதவி, எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வது. ஆக, உண்மையில் காவல் காப்பது எண்ணெய். எண்ணெய் வற்றிய இடத்தில் விரல் வியர்வையின் உப்பு ஓர் இரவு தங்கினாலே போதும், நீலத்துக்கு அடியில் துரு அரும்பிவிடும். வேட்டையின்போது உராய்வு படும் இடங்கள் மிகக் குறைவு: குழலின் வாய், மேகசின் மூடியின் விளிம்பு, போல்ட் கைப்பிடி, தூக்கிப் பிடிக்கும்போது உள்ளங்கை படியும் பகுதி. இவற்றில் தேய்வது இயல்பு. அமெரிக்க தேசிய ரைஃபிள் சங்கத்தின் தர அளவுகோலிலேயே, குழல் வாயிலும் கூரான விளிம்புகளிலும் நீலம் தேய்ந்திருந்தாலும் துப்பாக்கி ‘மிகச் சிறந்தது’ என்ற தரத்தில் நிற்கலாம்.

அப்படியானால் எதைத் தடவுவது? கையில் முதலில் கிடைப்பது டபிள்யூடி-40. 1953இல் சான் டியேகோவில், ஏவுகணையின் மேல்தகடு துருப்பிடிக்காமலிருக்க உருவாக்கிய திரவம் அது. பெயரில் உள்ள இரண்டு ஆங்கில எழுத்துகளும் நீரை விரட்டுவதைக் குறிப்பவை. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. நனைந்து திரும்பிய துப்பாக்கியில் முதலில் தெளிக்க அது நல்லது. ஆனால் கரைப்பான் ஆவியானபின் எஞ்சும் படலம் மிக மெல்லியது. மாதக்கணக்கில் அதை நம்பக் கூடாது. ஜெர்மனியின் பாலிஸ்டால் லேசான காரத்தன்மை உள்ளது, வியர்வையின் அமிலத்தை முறிக்கும். தினசரித் துடைப்புக்கு அதையே தேர்ந்தெடுப்பேன். குழலின் வெளிப்புறத்துக்கு மட்டும் என் முதல் தேர்வு ரினெய்சன்ஸ் மெழுகு. பிரிட்டிஷ் மியூசியத்தில் 1950களில் அரும்பொருள்களைக் காக்க உருவாக்கிய நுண்படிக மெழுகு அது. எண்ணெயைப் போல வழிந்தோடாது, தூசியைக் கூட்டாது, கைரேகைக்கும் எஃகுக்கும் நடுவே உலர்ந்த திரையாக நிற்கும். மென்துணியில் துளி எடுத்துப் பரவலாகத் தேய்த்து, சில நிமிடம் விட்டு மெருகேற்றினால் போதும். ஒரு குறை உண்டு: ஈரமான உலோகத்தின் மேல் மெழுகு பூசினால் ஈரத்தை உள்ளேயே அடைத்ததாகிவிடும். அதனால் முழுக்க உலர்ந்தபின் மட்டுமே. உள்ளே அசையும் பாகங்களுக்கும் மெழுகு ஆகாது.

“எதற்கு இத்தனை பாடு? தேய்ந்தால் மறுபடி புளூயிங் போட்டுக்கொள்ளலாமே” என்று கேட்பார்கள். இதைத்தான் நான் உறுதியாக மறுக்கிறேன். புது நீலம் ஏற வேண்டுமானால் பழையதை நீக்கி எஃகைப் பாலிஷ் செய்தாக வேண்டும். சுழலும் பாலிஷ் சக்கரம் கூரான விளிம்புகளை மழுக்கும், திருகு ஓட்டைகளின் ஓரத்தைக் குழிவாக்கும், குழலில் பொறித்த எழுத்துகளைக் கரைக்கும். நிறம் திரும்பலாம், உலோகம் திரும்பாது. சில துப்பாக்கிகளில் நிறமும் திரும்பாது. 1964க்குப் பின் சில காலம் வந்த வின்செஸ்டர் மாடல் 94 ரைஃபிளின் ரிசீவர் உலோகம் வழக்கமான புளூயிங்கை ஏற்காதது. ஆலையே அவற்றில் பலவற்றுக்கு இரும்பு முலாம் போட்டுத்தான் நிறமேற்றியது. முலாம் போனபின் சாதாரணத் தொட்டியில் முக்கினால் விபரீத நிறமே மிஞ்சும். ஈயப் பற்று வைத்த இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கொதிக்கும் காரத் தொட்டியில் இறக்கினால் இன்னும் மோசம்: பற்றையே காரம் அரித்துவிடும், குழல்கள் பிரியலாம். கடையில் குப்பியில் விற்கும் ‘குளிர் புளூயிங்’ திரவமும் தீர்வல்ல. செலினியமும் செம்பும் சேர்ந்த கருமையைத்தான் அது படிய வைக்கிறது. ஆலை நீலத்துக்கு அருகில் அது தனித் திட்டாகத் தெரியும். பழகிய கண்ணுக்கு அது தேய்மானத்தைவிடப் பெரிய குறை.

இன்னொரு மறுப்புக்கு அதிக நியாயம் உண்டு: துருப்பிடிக்காத எஃகும் செயற்கைக் கட்டையும் உள்ள புதிய ரைஃபிள் கிடைக்கும்போது பழையதை ஏன் மழையில் நனைக்க வேண்டும்? உப்புக்காற்று வீசும் கடலோரத்தில் வேட்டையாடுபவருக்கு அந்த யோசனையே சரி. பெட்டி பிரியாத, ஒரு தோட்டாகூடச் சுடாத மாடல் 70 கையில் இருந்தாலும் அதை வேட்டைக்கு எடுக்க வேண்டாம். மற்றவற்றுக்கு இந்த வாதம் பொருந்தாது. ஏனென்றால், ‘பத்திரம்’ என்று பூட்டி வைத்தவைதான் பல நேரம் துருவோடு வெளிவருகின்றன. நுரைப்பஞ்சு வைத்த உறை ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பதனிட்ட தோலில் எஞ்சிய உப்பும் அமிலமும் படிந்த இடத்தில் நீலத்தைத் தின்னும். அடிக்கடி வெளியே எடுக்கும் துப்பாக்கி அடிக்கடி துடைக்கப்படும், புள்ளித் துரு அரும்பும்போதே கண்ணில் படும். வேட்டை முடிந்ததும் தோட்டாவை எடுத்துவிட்டு, உறையைக் கழற்றி, குளிரிலிருந்து வந்த எஃகில் வியர்க்கும் நீர் உலரும்வரை அறையில் திறந்தே வைக்க வேண்டும். பிறகு துடைத்து எண்ணெய் தடவி, குழலின் வாய் கீழே பார்க்கும்படி நிறுத்த வேண்டும். வாய் மேலே இருந்தால் மிகுந்த எண்ணெய் ரிசீவர் வழியே வழிந்து வால்நட் கட்டையின் தலைப்பகுதியில் ஊறும். ஆண்டுக்கணக்கில் ஊறினால் மரம் கறுத்து, மெத்தென்று ஆகி, எஃகை இறுகப் பிடிக்கும் வலுவை இழக்கும்.